உள்ளூர்க்காரருக்கு அறை கிடையாது

ஜன்னலைத் திறந்தால் வேப்பமரம் தெரிகிற அறைக்கு எங்கள் ஓட்டலில் 'கார்டன் வியூ' என்று பெயர். மரம் எங்களுடையது அல்ல, பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் ஒருநாள் அதை வெட்டிவிட்டால் என்ன ஆகும் என்று நான் பல நாள் கவலைப்பட்டிருக்கிறேன். மரம் போனால் அறையின் பெயர் போகும். பெயர் போனால் வாடகை குறையும். வாடகை குறைந்தால் யாரை முதலில் நிறுத்துவார்கள் என்று யோசித்தால், அந்த வரிசையின் முன்னால் நான்தான் நின்றுகொண்டிருப்பேன். அந்த வீட்டில் யாராவது ஏணியோடு நுழைந்தாலே எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெரும்பாலும் அது கேபிள்காரராகத்தான் இருக்கும்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, புதுச்சேரியின் ஒயிட் டவுனில், பழைய பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியது. வீடாகக் கட்டியதால் எந்த இரண்டு அறையும் ஒரே மாதிரி இருக்காது. ஒன்றில் கூரை உயரம், ஒன்றில் குளியலறை படுக்கையறையை விடப் பெரியது, ஒன்று பழைய கூடத்தைப் பலகை வைத்து மறித்தது. ஆனால் விற்பதற்கு வகை வேண்டும். அதனால் ஸ்டாண்டர்டு, டீலக்ஸ், சுப்பீரியர், ஹெரிடேஜ் சூட் என்று நான்கு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். டீலக்ஸுக்கும் சுப்பீரியருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு விருந்தாளி கேட்டால் எனக்கு வியர்த்துவிடும். சுப்பீரியரில் காபி போடுகிற மிஷின் இருக்கிறது, அவ்வளவுதான். மாடி மூலை அறை 'பார்ஷியல் சீ வியூ'. பால்கனியின் கோடியில் நின்று கழுத்தை இடது பக்கம் திருப்பினால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். கடல் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கழுத்தை எப்படித் திருப்ப வேண்டும் என்று நானே நின்று காட்டியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. இந்த ஓட்டலில் படுக்கை விரிக்கவும் குளியலறை கழுவவும்தான் சேர்ந்தேன். கொரோனா காலத்தில் வெளியூர்ப் பிள்ளைகளெல்லாம் ஊருக்குப் போய்விட, வரவேற்பு மேஜைக்கு ஆள் இல்லாமல் என்னை உட்கார வைத்தார்கள். கொரோனா போய்விட்டது, நான் மேஜையிலேயே இருந்துவிட்டேன். 'தற்காலிகமாக' என்று அன்று சொன்ன வார்த்தையை யாராவது ஞாபகம் வைத்திருந்து ஒருநாள் எழுப்பிவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இன்றைக்கும் உண்டு.

மேனேஜர் திருச்சிக்காரர். என்னை விட வயதில் சிறியவர், ஓட்டல் படிப்புப் படித்தவர், என்னை அக்கா என்பார். கெட்டவர் கிடையாது. மேஜைக்கு வந்த புதிதில் வாடகை ஏன் தினமும் மாறுகிறது என்று எனக்கு விளங்கவே இல்லை. அதே அறை, அதே கட்டில், அதே கொசு. செவ்வாய்க்கிழமை ஒரு விலை, சனிக்கிழமை இரண்டு மடங்கு. பொங்கலுக்கும் வருடக் கடைசிக்கும் வாயில் சொல்லவே கூசுகிற விலை. அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அக்கா, நாம ரூம விக்கல. அந்த ராத்திரிய விக்கிறோம். இன்னைக்கு ராத்திரி விக்கலன்னா விடிஞ்சதும் அது செத்துப்போச்சு. நாளைக்கு எடுத்து விக்க முடியாது."

இதை வீட்டுக்குப் போய் ஏதோ பெரிய விஷயம் போல என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிறார்.

"இதுல இன்னாடி அதிசயம்? காலைல வஞ்சரம் இன்னா வெல, மத்தியானம் இன்னா வெல? இதுக்கு ஒருத்தன் காலேஜ் போய் படிச்சிட்டு வந்தானா?" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு. மீனாவது கருவாடு போட்டுக்கலாம். ரூம இன்னா பண்ணுவீங்க?" என்றார்.

அன்றிலிருந்து விற்காத அறைகளைப் பார்த்தால் எனக்கு மீன் நினைவுதான் வரும். மாலை ஆக ஆகக் கவலை கூடும்.

அறைகளுக்கு வகை இருப்பது போல ஆட்களுக்கும் வகை உண்டு. தொழில் விஷயமாக வருகிறவர், சுற்றிப் பார்க்க வருகிறவர், கூட்டமாக வருகிறவர், நேராகப் படியேறி வந்து அறை கேட்கிறவர், திரும்பத் திரும்ப வருகிறவர். கம்ப்யூட்டரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் இருக்கிறது. இது எழுதின வகை. எழுதாத வகையும் இருக்கிறது. பெங்களூரிலிருந்து மோட்டார் பைக்கில் வரும் பையன்களுக்குப் பழைய துண்டு. தேனிலவுக்கு வந்தவர்களை நெருங்கவே கூடாது. தியானத்துக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெருப்பக்க அறை கொடுக்கக் கூடாது, மணி அடித்தாலும் புகார் வரும், நாய் குரைத்தாலும் புகார் வரும். ஒரு மனிதர் படியில் கால் வைக்கும்போதே அவர் எந்த வகை என்று எனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துவிடுகிறது. பையைப் பார்க்கிறோம், செருப்பைப் பார்க்கிறோம். முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தால் தானாக வந்துவிடுகிறது.

எல்லா வகைக்கும் வெளியே ஒரு வகை உண்டு. அது உள்ளூர்க்காரர். புதுச்சேரி முகவரி போட்ட அடையாள அட்டைக்கு எங்கள் ஓட்டலில் அறை கிடையாது. இந்த ஊரில் பல ஓட்டல்களில் இப்படித்தான். "வீடு இருக்கிறவங்களுக்கு ரூம் எதுக்குக்கா?" என்று மேனேஜர் கேட்பார். கேட்கிற விதத்திலேயே பதிலும் இருக்கும். ஜோடியாக வருகிறவர்கள் ரகளை செய்வார்கள், போலீஸ் வரும், ஓட்டலுக்குப் பெயர் கெடும் என்பது கணக்கு. இத்தனை வருடம் அறை அறையாகப் படுக்கை விரித்தவள் நான். ஒரு ராத்திரிகூட அதில் படுத்ததில்லை. பணம் வைத்துக்கொண்டு வந்து நின்றாலும் எனக்குக் கொடுக்க மாட்டார்கள். இது எனக்குத் தெரியும். ஆனால் இதைப் பற்றி நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர்கள் இரண்டு பேர்.

கல்லறைத் திருநாள் வருகிற வாரம் அது. நல்ல மழை. வாரத்தின் நடு நாள் வேறு, பாதிக்கு மேல் அறைகள் காலி. மத்தியானம் ஒரு டாக்ஸி வந்து நின்று, அறுபதை நெருங்குகிற ஒருவர் இறங்கினார். நல்ல சட்டை, நல்ல ஷூ, பெரிய பெட்டி. வெளிநாட்டிலிருந்து வருகிற தமிழர் என்று பெட்டியே சொன்னது. அவர் இறங்குவதற்கு முன்பிருந்தே எங்கள் வாசல் வளைவின் கீழ் ஒரு அம்மா ஒதுங்கி நின்றிருந்தார். மழைக்கு நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒயர் கூடை, அதற்குள் டிபன் கேரியர். டாக்ஸியைக் கண்டதும் அவர் ஓடிப்போய் அந்த மனிதரின் தலைக்கு மேல் தன் முந்தானையைப் பிடித்தார். அவரிடமோ பெரிய குடை ஒன்று இருந்தது. முந்தானையும் குடையும் சிக்கிக்கொள்ள, இரண்டு பேரும் நனைந்துகொண்டே சிரித்தபடி உள்ளே வந்தார்கள்.

ஆன்லைனில் பதிவு செய்திருந்தார். இரட்டைக் கட்டில் போட்ட டீலக்ஸ், இரண்டு ராத்திரி, பெரியவர்கள் இரண்டு பேர். பணம் முழுக்கக் கட்டிவிட்டார். ரத்து செய்தால் திரும்பக் கிடைக்காத மலிவு விலையில் போட்டிருந்தார். பாஸ்போர்ட்டை நீட்டினார், பிரெஞ்சுப் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் தங்கினால் அரசாங்கத்துக்கு நாங்கள் ஒரு படிவம் அனுப்ப வேண்டும். அதில் ஒரு எழுத்து தப்பினால் என்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள் என்ற நடுக்கத்துடன்தான் எப்போதும் அடிப்பேன். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பாண்டிச்சேரி என்று இருந்தது. வெளிநாட்டவர் என்ற கட்டத்தில் குறி போட்டேன்.

"எதுக்கு வந்திருக்கீங்க சார்? டூரிசம்னு போட்டுக்கட்டுமா?"

அந்த அம்மா சிரித்துவிட்டார். "டூரிசமா? முத்தியால்பேட்டைல டவுசர் இல்லாம ஓடுனவன்மா இவன். போட்டுக்கோ, டூரிசம்னே போட்டுக்கோ. சுத்திப் பாக்கட்டும்."

"அக்கா, சும்மா இரு" என்றார் அவர். வெட்கப்பட்டபோது சின்னப் பையன் மாதிரி தெரிந்தார்.

பாஸ்போர்ட்டை ஸ்கேன் மிஷினில் வைத்துவிட்டு, "உங்க ஐடி அம்மா?" என்றேன். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு அந்தோணியார் படத்துக்குப் பின்னாலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக் கொடுத்தார். மூலக்குளம் என்று போட்டிருந்தது. உள்ளூர் முகவரி.

சொல்லத்தான் வேண்டும். சொன்னேன். சொல்லும்போது அவர்களைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. "இவங்க என் அக்கா. கூடப் பிறந்த அக்கா" என்றார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து மேனேஜர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

"நாங்க நம்பறோம் சார். ரூல் அப்படி. ரிலேஷன்ஷிப்புக்கு ஏதாவது ப்ரூஃப் இருந்தா ஓனர்கிட்ட பேசிப் பாக்கலாம்."

ஆதாரம் எங்கே இருக்கும்? அவருடைய பாஸ்போர்ட்டில் பிரெஞ்சுச் சட்டப்படி வைத்துக்கொண்ட குடும்பப் பெயர். அந்த அம்மாவின் அட்டையில் புருஷன் பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு அந்நியர்கள்.

"மூஞ்சப் பாருப்பா" என்றார் அந்த அம்மா. "ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு. எங்கப்பா மூக்கு."

உண்மைதான். ஒரே மூக்கு. மேனேஜரும் பார்த்தார், சிரித்தார். ஆனால் மூக்கைப் பதிவு செய்ய அந்தக் கம்ப்யூட்டரில் கட்டம் கிடையாது. "மேடம் சாயங்காலம் எட்டு மணி வரைக்கும் விசிட்டரா இருக்கலாம். லாபில உக்காந்து பேசலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர்கள் கூடத்தில் பிரம்பு சோபாவில் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் கொண்டுபோய் வைத்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன், அந்த அம்மா திட்டவில்லை. "நீ இன்னா பண்ணுவ, உக்காரும்மா" என்றார். மேஜையை விட்டு உட்காரக் கூடாது. நின்றுகொண்டே கேட்டேன்.

கதை சின்னதுதான். அந்த அம்மாவைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒரு நாத்தனார் இருந்தாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று பேச்சு. தம்பிக்கும் சம்மதம்தான், தேதிகூடக் குறித்தாயிற்று. அந்த நேரத்தில் நேஷனாலிட்டி உள்ள ஒரு பெண் வீட்டிலிருந்து தம்பிக்குச் சம்பந்தம் வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளைக்கும் ஒருநாள் அது கிடைக்கும், விமானம் ஏறலாம். எங்கள் ஊரில் அது நகை நிலத்தை விடப் பெரிய சீர். தம்பி அந்தப் பக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மைத்துனனோடு பேசுவதில்லை. அவன் வாசல் ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்று சொன்னவர், சொன்னபடி இருக்கிறார்.

"அவரு தங்கச்சி?" என்று கேட்டேன்.

"அவளா? கடலூர்ல ஜம்முன்னு இருக்கா. பேரன் பேத்தி எடுத்துட்டா. இவன் வந்தா அவளே போன் போட்டு நல்லா இருக்கியான்னு கேக்குறா. இவருதான் இன்னும் கல்யாணம் நின்னுபோன மண்டபத்துலயே உக்காந்திருக்காரு."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"போன தடவ வந்தப்ப பீச்சுல உக்காந்து பேசினோம்" என்றார் அந்த அம்மா. "மழ வந்துச்சு. ஒரு கடை ஓரமா ஒதுங்குனோம், கடைக்காரன் ஏதாவது வாங்குறீங்களான்னான். எங்கம்மா செத்த அன்னைக்குக்கூட இவன் லாட்ஜுல படுத்தான், நான் வீட்டுல படுத்தேன். அதான் இந்தத் தடவ ரெண்டு பேருக்கும் சேத்து ரூம் போட்டான். ஒரு ராத்திரி ஒரு கூரைக்குக் கீழ படுத்து எழுந்திருக்கணும். அவ்ளோதான்மா. இதுக்கு மேல வயசு இருக்கா இல்லியா, யாருக்குத் தெரியும்."

மேஜைக்குத் திரும்பி வந்தேன். திரையில் பாதி அறைகள் வெள்ளையாகக் காலியாக இருந்தன. அத்தனையும் விடிந்தால் கெட்டுப்போகிற மீன். வாங்க ஆள் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார், பணமும் கட்டியாயிற்று. ஆனாலும் கொடுக்க மாட்டோம். வருமானம்தான் எல்லாம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். வருமானத்துக்கும் மேலே பயம் என்று ஒன்று இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. பயத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் என் பயம் என் தூக்கத்தைத்தான் கெடுக்கும். ஓட்டலின் பயம் மற்றவர்களுடைய தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒரு ராத்திரி இலவசமாகத் தங்கச் சலுகை உண்டு. குடும்பத்தில் ஒருவரைக் கூட அழைத்து வரலாம். அந்த அறையை 'ஹவுஸ் யூஸ்' என்று தனி வகையில் போடுவார்கள். அதற்கு உள்ளூர் வெளியூர் பார்ப்பதில்லை. வெளியூர்ப் பிள்ளைகள் அப்பா அம்மாவை வரவழைத்து அந்தச் சலுகையை எடுப்பார்கள். நான் எடுத்ததே இல்லை. எடுத்தால் ஏதாவது உடைந்துவிடும், என் தலையில் கட்டுவார்கள் என்று பயம். இப்போது அதை எடுத்து, இந்த அம்மாவை என் அக்கா என்று போட்டு, தம்பி அறைக்கு அடுத்த அறையில் நாங்கள் இருவரும் படுத்தால் என்ன? விடிய விடிய அவர்கள் பேசட்டும்.

மேனேஜரிடம் போய்ச் சுற்றி வளைத்துக் கேட்டேன். சலுகை இன்றைக்கே எடுக்கலாமா, குடும்பம் என்றால் யார் யார் என்று. அவர் சோபா பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"உங்க ஸ்டாஃப் நைட், உங்க ஃபேமிலி. யாரு எவருன்னு நான் கேக்கப் போறதில்லக்கா."

அதற்கு மேல் ஒருவர் எப்படி அனுமதி கொடுப்பார்?  பொய் எழுதப்போகிறேன், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும், ஆனாலும் உள்ளே ஏதோ ஒரு சந்தோஷம். சோபாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தம்பியின் முகம் மலர்ந்தது. "மெர்சி" என்று சொல்லிவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அந்த அம்மா மட்டும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"என்னான்னு எழுதுவ?"

"என் அக்கான்னு."

"நல்ல மனசும்மா உனக்கு. கோச்சுக்காத." ஒயர் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஆனா இவன் என் தம்பி. இவன் பக்கத்துல படுக்கிறதுக்கு நான் உனக்கு அக்காவாகணுமா? யாராவது வந்து கேட்டா உன் பேரச் சொல்லணும், இவன யாருன்னே தெரியாதுன்னு சொல்லணும். அப்படித்தான? அப்படி ஒரு ராத்திரி எனக்கு வேணாம்."

"அக்கா, ஒரு ராத்திரிக்குத்தானே" என்றார் தம்பி.

"எழுந்திரு. பெட்டியத் தூக்கு."

"எங்க?"

"வீட்டுக்கு."

"மாமா?"

"மாமா இருப்பாரு. இங்கயும் ஒருத்தர் வேணாங்குறாரு, அங்கயும் ஒருத்தர் வேணாங்குறாரு. அங்கயாவது அடுப்பு என்னுது."

தம்பி எழுந்தார். திருப்பிக் கிடைக்காத பணத்தைப் பற்றி நான் தயங்கித் தயங்கிச் சொன்னதற்கு, விடும்மா என்பது போலக் கையை அசைத்தார். ஆட்டோ பிடித்தார்கள். பெட்டி உள்ளே போகாமல் அவர் மடியில் உட்கார்ந்தது. அந்த அம்மாவின் முதுகு விறைப்பாக இருந்தது. வீட்டை நெருங்க நெருங்க அந்த விறைப்பு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. புருஷன் சொன்னபடி இறங்கிப் போய்விட்டால்? மழையில் வயதான மனிதர் எங்கே போவார்? எல்லாம் என் வாயால் வந்தது என்று ஆகிவிடுமே.

அறைக்குப் பணம் வந்துவிட்டது, ஆளும் போய்விட்டார். இப்படிப் போகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். உடம்பு சரியில்லை, விமான நேரம் மாறியது, புகார், மற்றவை. நான் 'மற்றவை'யைத் தொட்டேன். கொஞ்ச நேரத்தில் மழையில் நனைந்த ஒரு இளம் ஜோடி படியேறி வந்தது, பெங்களூர் முகவரி. மேனேஜர் அதே அறையைக் கொடுக்கச் சொன்னார். விரித்த படுக்கை கலையாமல் இருந்ததால் துண்டுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரே ராத்திரி இரண்டு முறை விற்றது. அன்றைய கணக்கில் அதுதான் சிறந்த அறை. பின்னால் இதைக் கேட்ட என் வீட்டுக்காரர், "ஒரே மீன ரெண்டு தடவ ஏலம் வுட்டா ஹார்பர்ல கைய ஒடச்சிருப்பானுங்க" என்றார்.

அந்த ஜோடியின் அட்டைகளை ஸ்கேன் செய்ய மூடியைத் திறந்தேன். உள்ளே பிரெஞ்சுப் பாஸ்போர்ட் கிடந்தது.

அப்போது எனக்கு வந்த படபடப்பை எழுதினால் சிரிப்பீர்கள். அவருடைய எண்ணுக்கு அடித்தேன், போகவில்லை. லாக்கரில் வையுங்கள், நாளைக்கு வருவார் என்றார் மேனேஜர். ராத்திரி எனக்குத் தூக்கம் வராது என்று சொன்னேன். அவருக்கு என்னைத் தெரியும். "சரி, டூட்டி முடிச்சுப் போறப்ப குடுத்துட்டுப் போங்க" என்றார். என் வீடு எதிர்த்திசை. இருந்தாலும் அந்த அம்மாவின் ஆதார் அட்டையையே பார்த்துக்கொண்டு பேசியதில் மனதில் பதிந்திருந்த முகவரியை எழுதிக்கொண்டு வில்லியனூர் பஸ்ஸில் ஏறினேன். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்த ஒவ்வொருவரையும் திருடனாக நினைத்துக்கொண்டு மூலக்குளம் போய்ச் சேர்ந்தேன்.

சந்துக்குள் ஒரு சின்ன ஓட்டு வீடு. விளக்கு வைக்கிற நேரம், தூறல் விடவில்லை. கதவு திறந்திருந்தது. தம்பி முன்னறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில். எதிர்ப் பக்கம் ஒல்லியான ஒரு பெரியவர் டிவியைப் பார்த்தபடி, தம்பிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செய்தி பெரிய சத்தத்தில் ஓடியது. அவர் போகவில்லை என்பதைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

அந்த அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாம்மா, வா. இங்க ஐடி எல்லாம் கேக்க மாட்டோம்."

பாஸ்போர்ட்டைக் கொடுத்தேன். தம்பி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்போதுதான் திடுக்கிட்டார். நான் சமையலறை வாசலுக்குப் போய், "ஐயா ஒண்ணும் சொல்லலியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"வெளிய போவத்தான் எழுந்தாரு. மழ. வீட்டுல இருக்கிற ஒரே குடை இவன் கொண்டாந்தது. அதத் தொடுவாரா? திரும்ப உக்காந்துட்டாரு." அந்த அம்மா சிரிக்கவில்லை. கரண்டியால் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "இன்னும் ஒரு வார்த்த பேசல. மழ வுட்டா போயிடுவாரோ என்னமோ."

நான் கிளம்பத் திரும்பினேன். டிவிச் சத்தம் குறைந்தது.

"ஓட்டல்லேந்து வந்த பொண்ணா?" பெரியவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"ஆமாங்க."

"ராத்திரி சோறு அந்த வாடகையில சேத்தியா?"

 உள்ளதைச் சொன்னேன். "காலைல டிபன் மட்டும்தாங்க."

"எத்தினி ராத்திரிக்குக் கட்டியிருக்கு?"

"ரெண்டு ராத்திரிக்குங்க."

"திருப்பித் தருவாங்களா?"

"இல்லீங்க."

 திரையில் யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த டிவியிடமே சொன்னார்:

"ரெண்டு ராத்திரிக்குப் பணத்தக் கட்டிட்டு ஒரு ராத்திரிகூடப் படுக்காம வந்து நிக்கிறான். அம்மாந்தூரம் போயும் புத்தி வரல."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. தூறல் ஓட்டில் விழுவது கேட்டது. தம்பி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஆமாம் மாமா" என்றார்.

பெரியவர் திரும்பவில்லை. ஆனால் எழுந்தார். வாசல் பக்கம் போவார் என்று நான் ஒதுங்கி வழி விட்டேன். அவர் சுவரோரம் போட்டிருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்று, தலையிலிருந்து கால் வரை தம்பியை ஒரு முறை அளந்து பார்த்தார். துணி மடித்து வைத்திருந்த மர பெஞ்சு ஒன்று மூலையில் கிடந்தது. துணியை எடுத்துத் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் போட்டுவிட்டு, பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்தார். கட்டில் குட்டை, கால் நீட்ட முடியாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. முனையைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

தம்பி அவசரமாக எழுந்து மறு முனையைப் பிடித்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், பெஞ்சையே பார்த்துக்கொண்டு, அதைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்தினார்கள்.

"தூக்கிப் போடுங்க, இழுக்காதீங்க" என்று சமையலறையிலிருந்து அந்த அம்மா குரல் கொடுத்தார். "தரை பேந்துடும்."